ஆமை புகுந்த வீட்டுக்காரனின் வாக்குமூலம்

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல முடிகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. நான் தெரிந்தே செய்தேன். ஒசூரில் ஒரு பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். 'அழிந்துவரும் உயிரினங்களும் பாதுகாப்பும்' என்ற பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே ஒப்பிப்பேன். அதே நான், பதினோரு வருடம் ஒரு நட்சத்திர ஆமையை என் வீட்டில் வைத்திருந்தேன். அது குற்றம். குற்றம் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டவனும் நானேதான்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் என் மருமகன் பதறினார். "எதுக்கு மாமா? எல்லாரும் மறந்துட்டாங்க. நீங்களே போய் ஞாபகப்படுத்தணுமா?" என்றார். என் மனைவி லூர்து மேரி ஒரு சமரசத்துக்கு வந்தாள். "எழுதறதுன்னா பேரையாச்சும் மாத்தி எழுதுங்க." மாற்ற மாட்டேன். என் பெயர் சேவியர். ஆமையின் பெயர் புல்லட். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

ஆமை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். புது வீடு கட்டி, பங்குச் சாமியாரை அழைத்து வீட்டை மந்திரித்த அன்று, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இருக்கும் என் மைத்துனன் அந்தோணி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். திறந்தால் உள்ளங்கை அளவில் ஓர் ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன.

"பெங்களூர்ல பெரிய பெரிய வீட்ல எல்லாம் இது இருக்குது மாமா. ராசி!" என்றான்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எங்களைப் போலவே தெற்கிலிருந்து வேலைக்காக இங்கே வந்து குடியேறியவர். அவர் முகம் மாறியது. "ஏன் சார், ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்களே. கிரகப்பிரவேசத்தன்னிக்கேவா?"

என் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆமை ராசி, இந்தப் பக்கம் ஆமை பீடை. இரண்டுமே மூடநம்பிக்கை! நான் அறிவியல் ஆசிரியன்! (அன்று கூடத்தில் கூடியிருந்தவர்களிடம் இதை உரக்கச் சொன்னேன். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.) "இந்த ஆமை இந்த வீட்டில்தான் இருக்கும். ராசிக்காகவும் இல்லை, பயத்துக்காகவும் இல்லை. பழமொழி பொய் என்று நிரூபிப்பதற்காக" என்று அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய அந்த மாவீரனுக்கு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பது மட்டும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த 'அப்புறம்' பதினோரு வருடம் நீண்டது.

இடையில் அது எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. அது நடக்கும் வேகத்தைப் பார்த்து என் மகள் ஜெனிதான் புல்லட் என்று பெயர் வைத்தாள். காலையில் மேரி கொடுக்கும் இட்லி, மாலையில் நான் கொடுக்கும் வெள்ளரிக்காய். நான் பள்ளியிலிருந்து வந்து, நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்கட்டில் நின்றால் போதும். துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து டக், டக் என்று டைல்ஸில் நகம் தட்ட வந்து, என் கால் பெருவிரலுக்கு எதிரே நின்று கழுத்தை நீட்டும். நான் வெள்ளரிக்காயை நறுக்கிப் போடுவேன்.

காலை பத்து மணிக்கு வகுப்பில், "வன உயிர்களை வீட்டில் வளர்ப்பது சிறைவைப்பதற்குச் சமம்" என்பேன். மாலை ஐந்து மணிக்கு வெள்ளரிக்காய் நறுக்குவேன். இரண்டுக்கும் நடுவே எனக்கு ஒரு நாளும் மூச்சுத் திணறவில்லை. சட்டத்தில் இருந்தது நட்சத்திர ஆமை. என் வீட்டில் இருந்தது புல்லட். அவ்வளவுதான் என் விளக்கம். படித்தவன் தன்னை ஏமாற்றிக்கொள்ள இதைவிடப் பெரிய ஏற்பாடு தேவையில்லை.

நான் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது வன உயிரின வாரம் வந்தது. அந்த முறை பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி விழாவை ஏற்று நடத்தியது. விழா பிடித்திருந்தால் பள்ளிக்குப் புது ஆய்வுக்கூடம் கட்டித் தருவதாகப் பேச்சு. தலைமையாசிரியர் ராஜமாணிக்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சேவியர் சார், இந்த வருஷமும் அந்த பழைய சார்ட்ட மாட்டி வெச்சு பேசிடாதீங்க. போன வருஷம் புள்ளைங்க தூங்கிடுச்சு. நானே தூங்கிட்டேன்" என்றார்.

அந்த சார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பேருந்து நிலையத்துக்கு எதிரே வாங்கியது. 'அழியும் நிலையில் உள்ள விலங்குகள்' என்று போட்டு பாண்டா, பென்குயின், பனிக்கரடி என வரிசையாக இருக்கும். எங்கள் பக்கத்து அஞ்செட்டிக் காட்டில் பாண்டா ஏது? என் மாணவர்களில் பாதிப் பேர் யானை புகுந்த ராகிக் கொல்லையைப் பார்த்தவர்கள். அவர்களிடம் பென்குயினைக் காப்பாற்றச் சொன்னால் தூங்காமல் என்ன செய்வார்கள்?

"உயிரோட ஒண்ணு காட்டட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

ஆம், என் வாய்தான் கேட்டது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சிறப்பு விருந்தினர் அந்தக் கம்பெனியின் மேலாளர், வடநாட்டுக்காரர், ஆமையைப் பார்த்து "வெரி குட்" என்று சொல்லிவிட்டுப் போவார் என்று கணக்குப் போட்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பிள்ளைகள் வாயைப் பிளந்து என்னைப் பார்ப்பார்கள். அந்த ஆசைதான். வேறு ஒன்றும் இல்லை.

விழா நாளன்று புல்லட்டை ஒரு வயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன். மேரி வாசலில் நின்றாள்.

"வேண்டாங்க. எனக்கு மனசு சரியில்ல."

"பழமொழிய நம்புறியா நீயும்?"

"பழமொழி இல்லைங்க. உங்களத்தான் நம்ப மாட்டேங்கறேன்."

கூடையை மேடையில் மேசைக்கு அடியில் வைத்தேன். நானூறு பிள்ளைகள் மைதானத்தில் உட்கார்ந்தாயிற்று. "இன்று நம் சேவியர் சார் உயிருள்ள ஓர் அதிசயத்தைக் காட்டப்போகிறார்" என்று தலைமையாசிரியர் மைக்கில் அறிவித்துமாயிற்று. அதன் பிறகு என் காதருகே வந்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "மேனேஜர் அத்திப்பள்ளி டிராபிக்ல மாட்டிக்கிட்டார் சார். வர மாட்டார். ஆனா நமக்கு அதிர்ஷ்டம் பாருங்க. வனச்சரகரே வர்றாங்க!"

காக்கிச் சட்டையில் ஓர் இளம்பெண் ஜீப்பிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

கூடையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா? முதலில் அதைத்தான் நினைத்தேன். கூடையை எடுக்காமல் நான் மட்டும் ஓடலாமா என்று அடுத்து நினைத்தேன். அதற்குள் பேச அழைத்துவிட்டார்கள்.

பயத்தில் மனிதன் தணிந்து பேசுவான் என்பார்கள். நான் முழங்கினேன். அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. "காட்டு உயிரைத் தொடாதே! பிடிக்காதே! வளர்க்காதே!" என்று மேசையைக் குத்தினேன். பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தேன். "யார் வளர்த்தாலும், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், தயங்காமல் சொல்வேன்!" நானூறு குரல்கள் திரும்பச் சொல்லின. வனச்சரகர் நெகிழ்ந்து போய்த் தலையாட்டினார். ஆமையைக் காட்டாமலே தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு மெல்லத் துளிர்த்தது.

உறுதிமொழி முடிந்து மைதானம் அமைதியானது. அப்போது மேசைக்கு அடியிலிருந்து வயர் கூடையை நகம் கீறும் சத்தம் மைக்கில் விழுந்தது. கரக். கரக். கரக்.

"ஆங், அதிசயம்!" என்று தலைமையாசிரியரே குனிந்து கூடையை எடுத்துத் துண்டை விலக்கினார்.

பிள்ளைகள் 'ஓ' என்றார்கள். வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் எதற்கு ஆசைப்பட்டேனோ அது அப்படியே கிடைத்தது.

வனச்சரகர் எழுந்தார். "நட்சத்திர ஆமை! எங்க சார் கிடைச்சது?"

"நேத்து அஞ்செட்டி ரோட்ல கிடந்துச்சுங்க மேடம். லாரி ஏத்திடும்னு எடுத்துட்டு வந்தேன். உங்ககிட்ட ஒப்படைக்கத்தான்." இந்தப் பொய் ஒரு பிசிறில்லாமல் வந்தது. எனக்கே வியப்பு. கைதட்டல் கூடக் கிடைத்தது.

அவர் ஆமையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலை மெதுவாக இழுத்து நகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நெகிழ்ச்சி போய்விட்டது.

"நகம் இவ்ளோ நீளமா வளந்திருக்கே சார். கல்லுலயும் மண்ணுலயும் நடந்தா தேஞ்சிடும். இது டைல்ஸ்ல நடந்த ஆமை."

"அப்படிங்களா?" என்றேன், ஏதோ புதிதாகப் பாடம் கேட்கிறவனைப் போல.

"பின்னங்கால் நகத்துல ரோஸ் கலர்ல என்னமோ இருக்கு." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அஞ்செட்டிக் காட்டுல பியூட்டி பார்லர் தொறந்துட்டாங்களா சார்?"

(பேத்தி விடுமுறைக்கு வந்தபோது பூசிய நகப்பூச்சு. அசிட்டோன் போட்டு அழித்தால் ஆமைக்கு ஆகாது என்று விட்டுவைத்தேன். என் விலங்கு நேயம் என்னைக் கைவிட்ட இடம் அது.)

"லாரி பெயிண்டா இருக்கும் மேடம்" என்றேன்.

நானூறு பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்பு வரிசையில் நாகரத்னா எழுந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிற பெண். அப்பா கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. என்னிடம் மாலையில் டியூஷனுக்கு வருகிறவள். என்னைக் காட்டிக்கொடுக்கவேண்டும் என்று அவள் எழவில்லை. என்மேல் வீண்பழி விழுவதாக நினைத்து, என்னைக் காப்பாற்ற எழுந்தாள். அதுதான் கொடுமை.

"மேடம், சார ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். அது புல்லட்டு. சார் வீட்ல ரொம்ப நல்லா பாத்துக்கறாங்க. நாங்க டியூஷன் போறப்ப தெனமும் பாப்போம். இட்லி எல்லாம் குடுப்பாங்க!"

(டியூஷன் எடுக்கக்கூடாது என்பது எங்கள் பள்ளியில் தனி விதி. ஒரே மூச்சில் என் இரண்டு குற்றங்களும் வெளியே வந்தன.)

தலைமையாசிரியருக்கு ஆய்வுக்கூடம் கண்முன்னே இடிந்து விழுந்தது. "ஏய், உக்காரு! யாரக் கேட்டு எந்திரிச்ச? என்ன சார் இது, இந்தப் பொண்ணு சொல்றது?"

இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி எழுதவேண்டியிருக்கிறது. இதுவரை சொன்னதெல்லாம் முட்டாள்தனம். இனி சொல்வது அப்படியல்ல. வழக்கு வந்தால் வேலை போகும், ஓய்வூதியம் நிற்கும், ஏழு மாதத்தில் மரியாதையோடு முடியவேண்டிய ஆசிரிய வாழ்க்கை அவமானத்தில் முடியும். அதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. நான் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் வனச்சரகரிடம் சொன்னேன்:

"அந்தப் பொண்ணு ஏதோ குழப்பிக்குதுங்க மேடம். சின்னப் புள்ள. அதுக்குத் தெரியாது."

"பொய் பேசறியா?" என்று தலைமையாசிரியர் அவள்மேல் பாய்ந்தார். "நாளைக்கு உங்கப்பன கூட்டிட்டு வரணும். இல்ல, டி.சி. குடுத்துடுவேன்!"

அவள் உட்காரவில்லை. கண்ணில் நீர் நின்றது. ஆனால் தலை குனியவில்லை.

"நான் பொய் சொல்றதில்ல சார். குழப்பிக்கவும் இல்ல. இப்பத்தான உறுதிமொழி எடுத்தோம், தயங்காம சொல்வேன்னு. சொன்னா திட்றீங்க." பிறகு வனச்சரகரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அத கீழ விடுங்க மேடம். பாக்கலாம்."

வனச்சரகர் ஒரு கணம் யோசித்தார். மேடையின் ஒரு கோடியில் ஆமையைத் தரையில் வைத்தார். மறு கோடியில் நான் நின்றேன். பளபளக்கும் புதுச் செருப்பு, விழாவுக்காக வாங்கியது. நீல ரப்பர் செருப்பு இல்லை. அது ஒன்றுதான் என் நம்பிக்கை. போகாதே. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள். காட்டு ஆமையாக இரு, ஒரே ஒரு நாள்.

புல்லட் தலையை நீட்டியது. இடம் பார்த்தது. வலம் பார்த்தது. பிறகு புறப்பட்டது.

டக். டக். டக்.

அந்த மேடை இருபது அடி நீளம். கொலைக் குற்றவாளிக்குக் கூடத் தீர்ப்பை ஒரு வரியில் படித்துவிடுவார்கள். என் தீர்ப்பு நடந்து வந்தது. நடுவில் மைக் ஒயர் தடுக்கியது. நின்று யோசித்தது. 'ஆஹா' என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு வந்தது. பின் வரிசைப் பையன் ஒருவன் முதலில், "வா புல்லட்டு, வா!" என்றான். அதன்பின் நானூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். "புல்லட்டு! புல்லட்டு!"

வந்தது. என் கால் பெருவிரலுக்கு எதிரே நின்றது. கழுத்தை நீட்டி என்னை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தது.

மணி ஐந்து கூட ஆகவில்லை. ஆனாலும் அது வெள்ளரிக்காயைக் கேட்டது.

நான் மைக்கை எடுத்தேன். "இது என் ஆமைதான். பதினோரு வருஷமா என் வீட்லதான் இருக்கு. நாகரத்னா சொன்னது உண்மை. பொய் சொன்னது நான்" என்றேன். வீரமாகச் சொன்னேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். வேறு வழி இல்லாதபோது உண்மை சொல்வதற்குப் பெயர் வீரம் இல்லை.

வீரம் என்று ஏதாவது என்னிடம் இருந்தது என்றால், அது தலைமையாசிரியர் அறைக்குள் போன பிறகுதான். அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "ரோட்ல கிடைச்சது, பாதுகாப்புக்காக சில நாள் வெச்சிருந்தேன்னு எழுதிடுங்க சார். மேடம் நம்ம சைடு யோசிப்பாங்க. அந்தப் பொண்ண நான் பாத்துக்கறேன்." அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் பொண்ண யாரும் பாத்துக்க வேண்டாம் சார்" என்றேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன்: வந்த நாள், இருந்த காலம், எனக்குச் சட்டம் தெரியும் என்பது, மாணவி மேல் பொய் சொன்னது. இரண்டு பக்கம். வனச்சரகர் படித்துவிட்டு, "இவ்ளோ எழுதியிருக்க வேண்டாமே சார்" என்றார். "நான் வாத்தியாருங்க மேடம். விடை முழுசா எழுதணும்" என்றேன்.

அதற்குப் பலன் கிடைத்தது. விசாரணை நடந்தது. எனக்குப் பணி நிறைவு விழா இல்லை, மாலை இல்லை, குழுப் புகைப்படம் இல்லை. ஓய்வூதியம் வெகுநாள் இழுத்தடித்துத்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேனே சார், ஆமை புகுந்த வீடுன்னு" என்றார்.

இன்றும் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உலகத்தில் எந்த ஆமையும் அட்டைப்பெட்டிக்குள் தானாக ஏறி, எல்லை தாண்டி, கிரில் கேட்டைத் திறந்துகொண்டு யார் வீட்டிலும் புகுந்ததில்லை. மனிதன் பிடித்து வருகிறான். பிறகு பழியை அதன் ஓட்டின் மேல் ஏற்றுகிறான். கெட்டது ஆமை புகுந்த வீடு அல்ல. ஆமையைக் கொண்டுவந்தவன் இருக்கும் வீடு.

விழா முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் திரைக்குப் பின்னால் நெடுநேரம் இருமினார். (சிரிப்புதான். எனக்குத் தெரியாதா?) பிறகு, "ஆமை விஷயத்த கடவுள் பாத்துப்பார். அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில், நானூறு பேருக்கு முன்னால் நாகரத்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"பரவால்ல சார். ஆனா ஆமைக்கு இட்லி குடுத்திருக்கக் கூடாது சார். ஓடு வீணாப் போயிடுமாம். மேடம் சொன்னாங்க."

விலங்கியல் ஆசிரியனுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி நடத்திய அந்தப் பாடம் எனக்கு மறக்காது. புல்லட்டின் ஓட்டில் இருந்த மேடுகளைப் பதினோரு வருடம் அழகு என்று நினைத்திருந்தேன். வெயிலும் புல்லும் கிடைக்காமல் வளர்ந்த முதுகு அது.

சில மாதம் கழித்து வனச்சரகரைப் போய்ப் பார்த்தேன். புல்லட் மறுவாழ்வு மையத்தில் இருப்பதாகவும், மனிதர்களை மறந்த பிறகுதான் காட்டில் விட முடியும் என்றும் சொன்னார். ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். நீங்க போனீங்கன்னா திரும்ப உங்க காலுக்குத்தான் வரும். அது உங்கள மறக்கணும். நீங்க அதுக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி, போகாம இருக்கறதுதான்."

போகவில்லை. இப்போது வன உயிரின வாரத்தில் அஞ்செட்டிப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகிறேன். சார்ட் இல்லை. காலி வயர் கூடையை மேசைமேல் வைத்து, "இதில் ஒரு குற்றம் இருந்தது, செய்தவன் நான்" என்று ஆரம்பிக்கிறேன். யாரும் தூங்குவதில்லை.

வீட்டில்தான் எனக்கு விடுதலை இல்லை. சர்க்கரை வியாதிக்காரனான நான் "லட்டா? நான் தொடவே இல்லை" என்றால், ஜெனி உடனே, "அப்பாவ கீழ விடுங்க, பாக்கலாம்" என்பாள். பேத்தியும் கற்றுக்கொண்டுவிட்டாள். மருமகன் கூட இப்போது துணிந்துவிட்டார். யார் எந்தப் பொய் சொன்னாலும் எங்கள் குடும்பத்தில் நீதிமன்றம் அந்த ஒரு வரிதான்.

நேற்று மேரி கேட்டாள், புல்லட் ஞாபகம் வருமா என்று. "அதெல்லாம் மறந்தாச்சு. அது என்னை மறக்கும்போது நான் அதை மறக்க மாட்டேனா?" என்றேன் வீம்பாக. மாலை மணி ஐந்து. நான் நீல ரப்பர் செருப்போடு பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பாதி நறுக்கிய வெள்ளரிக்காய்.

மேரி என் காலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

"கீழ விட்டுப் பாக்கலாமா?" என்றாள்.